நாய் கழுத்தில் பட்டை

எழும்பூர் பாலத்தடியில் தூங்கும் பிள்ளைகள் கையில் அரசாங்கம் பட்டை மாட்டியிருக்கிறது. போதைக்காகச் செருப்பு ஒட்டும் சொல்யூஷனை மோந்தால் அந்தப் பட்டை குமட்ட வைக்கும். அங்கே தூங்கும் டெய்சி அதைக் கழற்றி ஒரு நாய் கழுத்தில் கட்டிவிட்டாள். பிறகு தானாகவே மோப்பதை நிறுத்தினாள். போதையை விட்ட வேதனையில் என் செருப்புக் கடை ஓரமாக நடுங்கிக்கொண்டு, வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தாள். நான் பார்த்தேன்.

இன்று விடுதியில் இடம் கொடுக்க ஆபீசர் வந்தார்.

"சுத்தமா இருக்கியேம்மா! எல்லாம் எங்க பட்டையோட வேலை."

"அது நாய்க்கு வேல பாக்குது சார். நானாத்தான் வுட்டேன்."

மெஷினில் ஊதச் சொன்னார். மோக்கவில்லை என்று பச்சை விளக்கு எரிந்தது. அவர் முகம் கறுத்தது.

"பட்டையாலதான் விட்டேன்னு சொல்லு. இப்பவே கட்டில் தரேன்."

"சொல்லித் தொல புள்ள, மழ வருது," என்றேன்.

"போ நைனா. வாந்தி எடுத்தது நானு, பேரு அதுக்கா?"

ஆபீசர் போய்விட்டார். நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. பெற்ற மகனைக்கூடக் கடையில் தனியாக உட்கார வைத்ததில்லை. சொல்யூஷன் டப்பாவை மூடாமல், கடையை டெய்சியிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். இரண்டாவது டீயும் சொன்னேன்.