ஜெயிக்க வேண்டியவன்

சேஷு பூட்டை மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அறைக்குள்ளே அவருடைய ஒரே பிள்ளை அக்ஷய் இருந்தான். மத்தியான விமானத்தில் அவன் சென்னைக்குப் போயாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஃபார்முலா கார் பந்தயம்.

"தோளுக்கு மேல வளர்ந்த பிள்ளையை மாட்டைக் கட்டற மாதிரி அடைச்சு வெக்கறேளே, இது நன்னாருக்கா?" என்றாள் அவர் மனைவி ஜலஜா.

"நன்னா இல்லைதான்." சாவியைச் சாப்பாட்டு மேஜையில் போட்டுவிட்டு, சேஷு பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்தப் பேப்பரிலேயே அக்ஷயின் படம் வந்திருந்தது. முதல் சீசன் ஓட்டும் டெல்லிப் பையன். இந்த ஞாயிறு அவனுக்கு முதல் வெற்றி ஏறக்குறைய நிச்சயம் என்று எழுதியிருந்தார்கள். டெல்லி துவாரகாவில் அவர்களுடைய அடுக்குமாடி சொஸைட்டி முழுக்க அதே பேச்சு. காலையில் பால் வாங்கப் போன ஜலஜாவை வழிமறித்து, மிட்டாய் எப்போது என்று வாட்ச்மேன்கூட இந்தியில் கேட்டான்.

போன பந்தயத்தில் அக்ஷய் இரண்டாவதாக வந்தான். அன்றைக்கு அவனுக்கு முன்னால் போன கார் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. காரை அறுத்துத்தான் அந்தப் பையனை வெளியே எடுத்தார்கள். டிவியில் அதைப் பார்த்ததிலிருந்தே சேஷுவுக்குப் பயம் பிடித்துவிட்டது என்பது ஜலஜாவின் கணிப்பு. பயம் அப்பாவுக்கு, சிறை பிள்ளைக்கு.

வீட்டுக்கு மேலே விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு இரைச்சலுக்கும் ஜலஜா அந்தப் பூட்டைப் பார்த்தாள்.

அறையிலிருந்து சத்தமே இல்லை. சின்ன வயதில் பாத்ரூமில் மாட்டிக்கொண்டபோது கதவை உதைத்தே பெயர்த்தவன் அவன். இன்றைக்கு ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. பிள்ளைக்கு மனசு விட்டுப்போய்விட்டது என்று அவள் நினைத்தாள்.

வாசல் மணி அடித்தது. பந்தய டீமின் மேனேஜர் ராஜசேகரன், அக்ஷயை அழைத்துப் போக அவரே காரோடு வந்திருந்தார். பூட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன சார் இது? அவனோட மொபைல் வேற சுவிட்ச் ஆஃப்ல இருக்கு."

"என்கிட்டதான் இருக்கு. அவன் வரமாட்டான். நான் அனுப்பறதா இல்லை."

"சார், பத்து வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கேன். இப்படி ஒரு புதுப் பையனை நான் பார்த்ததில்ல. இந்த ஞாயிறு அவன்தான் ஜெயிக்கப் போறான். ஒரு தடவை ஜெயிச்சுட்டா அப்புறம் அவனைப் பிடிக்கவே முடியாது."

"இருக்கலாம்."

"ஒரே ஒரு வார்த்தை அவன்கிட்ட பேசிக்கறேன்."

"முடியாது."

ராஜசேகரன் ஜலஜாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வந்தவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"டீம்ல எல்லாரும் கேப்பாங்க. பத்திரிகைக்காரங்க கேப்பாங்க. பையன் ரெடி, பெத்த அப்பாதான் கெடுத்துட்டார்னு சொல்வேன்."

"அப்படியே சொல்லுங்கோ," என்றார் சேஷு. "என் பேரைப் போட்டே சொல்லுங்கோ."

அவர் குரலில் கோபம் இல்லை. ராஜசேகரனின் தோளைத் தொட்டு, "வாங்கோ, கீழே கேட் வரைக்கும் வரேன்," என்று கூட்டிக்கொண்டு படியிறங்கினார்.

சாவி மேஜையிலேயே கிடந்தது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஜலஜா அவர் பேச்சைத் தாண்டியதில்லை. இன்றைக்குத் தாண்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவும் பயமாக இருந்தது. தாண்டாவிட்டால் பிள்ளை ஆயுசுக்கும் தன்னை மன்னிக்கமாட்டான் என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

சாவியை எடுத்தாள். பூட்டைக் கழற்றிக் கதவைத் தள்ளினாள்.

கதவு திறக்கவில்லை.

மறுபடி தோளைக் கொடுத்துத் தள்ளினாள். உள்ளேயும் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"அக்ஷய், நான்தாண்டா. திற. அப்பா கீழே போயிருக்கா. அவர் படியேறி வரச்சே நீ லிஃப்ட்ல இறங்கிடு. கார் கேட்டுலதான் நிக்கறது. ஜல்தி."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர இன்னொரு விமானம் ஏறிப்போனது. அந்தச் சத்தம் அடங்கின பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது.

ராத்திரி போட்ட பனியனோடு வெறுங்காலில் நின்றான் அக்ஷய். முகம் வெளுத்திருந்தது. அவன் நிலைப்படியைத் தாண்டவில்லை.

"ஷூவைப் போட்டுக்கோ கண்ணா. பை ரெடியா இருக்கு. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். இனிமே அந்த மனுஷன்கிட்ட எனக்கென்ன பயம்? உன் வாழ்க்கையைப் பாழாக்க அவர் யாரு?"

கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அது கேட்டைத் தாண்டிப் போகும்வரை அக்ஷய் காது கொடுத்தபடியே நின்றான். பிறகு மெல்ல அவள் கையிலிருந்த பூட்டை வாங்கிக்கொண்டான்.

"அப்பாவை ஒண்ணும் சொல்லாதேம்மா. பூட்டச் சொன்னது நான்தான்."