பாமாவுக்கு வசனம் இல்லை

கொலையை யார் செய்வது என்பதில்தான் தகராறு.

"நான்தான் கொல்லுவேன். அவ சும்மா பக்கத்துல நிக்கட்டும்" என்றார் தலைவர், நாற்காலிக் கையைத் தட்டி. அவர் மனைவி தரையைப் பார்த்தபடி, "சரிங்க" என்றார்.

பல் டாக்டருக்குத்தான் மனசு கேட்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் தீபாவளி விழாவுக்காக நரகாசுர வதம் நாடகத்தை ஆசை ஆசையாய் எழுதியவர் அவர். அதிலிருந்து ஒவ்வொரு காட்சியாக, மரத்துப்போக ஊசிகூடப் போடாமல் பிடுங்கிக்கொண்டிருந்தார் குடியிருப்போர் சங்கத் தலைவர்.

"சார், நரகாசுரன் பூமாதேவியோட பிள்ளை. அம்மா கையாலதான் சாவுன்னு வரம் வாங்கினவன். அந்தப் பூமாதேவிதான் சத்தியபாமாவா பொறந்திருக்கா. கிருஷ்ணர் அடிபட்டு மயங்கி விழறதே, பாமா வில்லை எடுக்கணும்னுதான். நாம தீபாவளி கொண்டாடறதே அந்தம்மா விட்ட அம்பாலதான்!"

"டாக்டர், தீபாவளி முடிஞ்ச கையோட சங்கத் தேர்தல். தலைவரே மேடையில பொத்துனு விழுந்தா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? கிருஷ்ணர் விழ மாட்டார். அவரே கொல்லுவார். பாமாவா வர்ற இவளுக்கு வசனமும் வேணாம்."

"ஆனா புராணத்துல..."

"பொதுக்குழுவுல வெச்சுத் திருத்திக்கலாம்."

சங்கத்தின் விதிகளை அப்படித் திருத்தித் திருத்தித்தான் அவர் இத்தனை காலம் தலைவராக இருந்தார். மோட்டார் படுத்துவிட்டால் மெக்கானிக்கைத் தேடிப் பிடிப்பதும், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியே நின்று தைரியம் சொல்வதும், மேல்வீட்டு ஈரத்துணி கீழ்வீட்டு பால்கனியில் சொட்டுகிற சண்டையைத் தீர்த்துவைப்பதும் அவர் மனைவி. ஆண்டு விழாவில் மாலை போட்டுக்கொள்கிற கஷ்டம் மட்டும் தலைவருடையது.

விழா நாளும் வந்தது. கார் நிறுத்துமிடத்தில் மேடை போட்டிருந்தார்கள். தலைவரின் தொப்பைக்கே ஒரு டப்பா நீலச் சாயம் தீர்ந்துபோய், முதுகைத் துணியால் மூடவேண்டியதாயிற்று.

பக்கத்து நாற்காலியில் நரகாசுரன் மீசை ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் மாடிவீட்டு வக்கீல். சங்கத்தின் தேர்தல் அதிகாரியும் அவரே.

"என்ன வக்கீல் சார், இந்தத் தடவையும் போட்டி கிடையாதே?"

"மனு குடுக்க இன்னைக்குத்தான் சார் கடைசி நாள்."

"எவன் நிப்பான்? எனக்கு எதிரா நிக்க எவனுக்குத் தைரியம் இருக்கு?"

"எவனுக்கும் இல்ல சார்" என்றார் வக்கீல், மீசையை அழுத்திக்கொண்டே.

திரை விலகியது. கிருஷ்ணர் மயிற்பீலியைச் சரிசெய்துகொண்டு, டாக்டர் எழுதாத வசனம் ஒன்றை எடுத்துவிட்டார்.

"பதவி மோகம் பிடித்த அரக்கனே! உலகில் யாரும் நிரந்தரம் அல்ல! அகந்தையை அழிப்பதுதான் இந்தத் திருநாளின் தத்துவம்! தெரிந்துகொள்!"

தன்னைத் தவிர மற்ற எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டும் என்று அவர் சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். முன்வரிசை பயபக்தியோடு கைதட்டியது.

அடுத்து பாமா அம்பை எடுத்துக் கொடுக்கவேண்டும். கொடுத்தார். கொடுக்கும்போது கிருஷ்ணரின் காதருகே சற்றுச் சாய்ந்தார். பாமாவின் உதடு அசைந்தது.

திரைமறைவில் நின்ற டாக்டர் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பாமாவுக்கு அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை.

கிருஷ்ணரின் முகம், நீலச் சாயம் அனுமதித்த அளவுக்கு வெளுத்தது. வாய் திறந்தது, வசனம் வரவில்லை. டாக்டர் உள்ளிருந்து அடியெடுத்துக் கொடுத்தும் பயனில்லை. நரகாசுரன் கதாயுதத்தை ஓங்குவதற்கு முன்பே, பரமாத்மா பொத்தென்று மேடையில் சாய்ந்தார்.

பாமா குனிந்து வில்லையும் அம்பையும் எடுத்தார். எய்த அம்பு நரகாசுரனைத் தாண்டிப்போய் ஸ்பீக்கரில் பட்டது. இருந்தாலும் வக்கீல் பெருந்தன்மையோடு செத்தார்.

"தாயே! நான் இறந்த இந்த நாளில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியணும்! யாரும் எனக்காக அழக்கூடாது!"

கார் நிறுத்துமிடமே எழுந்து நின்று கைதட்டியது. விசில்கூட வந்தது.

திரை விழுந்ததும் தலைவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். நீலம் கரைந்து வழிந்ததே தவிர, கண் திறக்கவில்லை. டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

எதிர்வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு பெரிய மனசு பாருங்க! கொல்ற பெருமையைக்கூடப் பொண்டாட்டிக்கு விட்டுக் குடுத்துட்டாரே!"

அவரை அனுப்பிவிட்டு டாக்டர், கிரீடத்தைக் கழற்றிக்கொண்டிருந்த பாமாவின் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், நீங்க ஏதோ சொன்னதைப் பார்த்தேன். அப்படி என்ன சொன்னீங்க?"

கீழே கிடந்த கிருஷ்ணருக்கு விசிறியபடி, தலைவரின் மனைவி சாந்தமாகச் சொன்னார்:

"தலைவர் பதவிக்கு நானும் மனு குடுத்துட்டேன்னு."