கொழும்புச் சம்பந்தம்

“வலிப்பு நோயை மறைச்சுக் கல்யாணம் கட்டப் பார்த்தீங்களா?”

கொழும்பிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா போட்ட சத்தத்தில், மாத்தளையின் அந்தச் சின்ன மிஷன் பள்ளிக்கூடத்து வேலியோரம் தெருவே கூடிவிட்டது.

சலோமி டீச்சருக்கு முப்பத்துநாலு வயதில் முதல்முதலாகக் கூடிவந்த சம்பந்தம்.

“எனக்கு வலிப்பா? யாருங்க சொன்னா?”

“உங்க வகுப்பு றமீஸாதான். வாசல்ல விசாரிச்சோம். இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பொய்யே பேசாதுன்னு ஊரே சொல்லுது. அப்படி வளர்த்ததும் நீங்கதானாமே!”

பெருமைப்படுவதா, அழுவதா? டீச்சர் றமீஸாவைக் கூப்பிட்டார்.

“பயப்படாம உண்மையைச் சொல்லு மகள்.”

எட்டு வயசுக்காரி தரையைப் பார்த்தாள். “நான் சொன்னது உண்மைதான் டீச்சர்.”

மாப்பிள்ளை வீட்டுக் கார் போன பிறகுதான், டீச்சரின் சேலையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். “கல்யாணம் கட்டினா எங்கள விட்டுட்டுக் கொழும்புக்குப் போயிருவீங்கல்ல?”

டீச்சர் அடிக்கவில்லை. தெருவுக்கு அதுவும் ஒரு குறைதான்.

வலிப்புக் கதையைக் கண்டிவரை கொண்டுபோனது யாரென்று இங்கே ஒருவருக்கும் ஞாபகமில்லை. வேறு சம்பந்தமும் வரவில்லை. அரசாங்கம் மிஷனிடமிருந்து பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்ட பிறகும் டீச்சர் அங்கேயேதான்.

பத்து வருஷம் கழித்து, றமீஸாவைப் பெண் கேட்டுக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் அதே வாசலில் நின்று விசாரித்தார்கள்.

“பிள்ளை எப்படி டீச்சர்? மறைக்காம சொல்லுங்க.”

சலோமி டீச்சர் வேலிப்பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“பொய்யே சொல்லாத பிள்ளை.”

அடுத்த மாசம் நிக்காஹ். றமீஸா கொழும்புக்கு ரயிலேறினாள். டீச்சரும் ஸ்டேஷன்வரை போனார். சேலையைப் பிடித்துக்கொண்டு அழுகிற வயசா அவருக்கு?