பதினோரு விநாடி

ஆப்பிள் பூக்கள் பந்தயக் காரின் மேல் மெல்ல உதிர்ந்துகொண்டிருந்தன. ஆட்ரி புல்வெளியில் படுத்தபடியே ஸ்டாப்வாட்சை அமுக்கினாள்.

“தீப்பிடிச்சாச்சு! வெளியே வா!”

ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து முழங்கால்களை உருவிக்கொண்டு அவள் கணவன் டெஸ்மண்ட் வெளியே குதித்தான்.

“பதினோரு விநாடி. வறுத்த கோழி ஆயிட்ட, செல்லம்.”

“பெட்ரோல் டாங்க் ரெண்டு தொடைக்கும் பக்கத்துல தாழ்வா வச்சிருக்கேன் பாரு! எடை தாழ்வா இருந்தாத்தான் வளைவுல கார் தரையோட ஒட்டி ஓடும். ஏறி இறங்குற திறப்பு சின்னதா இருந்தாத்தான் காத்து வழுக்கிட்டுப் போகும். அழகா இல்ல?”

“அழகுதான். தீ உள்ளே வர எத்தனை விநாடி ஆகும்?”

“அஞ்சு,” என்றான், கனவிலிருந்து விழித்தவன்போல.

“இன்னொரு தடவை.”

ஆறாவது தடவையும் பத்துக்குக் கீழே வரவில்லை. அவன் முழங்காலில் தோல் உரிந்திருந்தது.

“போதும், ஆட்ரி. நாளைக்குப் பந்தயம். ஓய்வு வேண்டாமா?”

“வேணும், எனக்கு.” அவள் எழுந்து தன் ஹெல்மெட்டின் மேலிருந்த பூக்களைத் தட்டிவிட்டாள். “காரை வரைஞ்சவன் நீ. ஓட்டப்போறவ நான். என் கால் உன் காலைவிட நீளம்.”

 டெஸ்மண்ட் தகடு வெட்டும் கத்திரியைக் கொண்டுவந்து, திறப்பைப் பெரிதாக்க, தான் வரைந்ததிலேயே அழகான வளைவை வெட்டத் தொடங்கினான்.