கிணற்றில் ஆஸ்பத்திரி வாசனை

வாளித் தண்ணீரை முகர்ந்த ஜானு வாளியைத் தள்ளி வைத்தாள். பெரியாஸ்பத்திரி வராண்டாவில் வருமே, அதே ப்ளீச்சிங் பவுடர் வாசனை.

"நேத்து வாளி பாறையில முட்டித்து. இன்னிக்குப் பாதிக் கயித்துலயே தண்ணி. சந்தோஷப்படேன்" என்றான் அவள் கணவன் சாம்பசிவம், சவரத்துக்கு முகமெல்லாம் சோப்பு நுரையோடு.

"உங்களுக்கென்ன. பக்கத்து வீட்டுக் குளம் கசிஞ்சு நம்ம கிணத்துல எறங்கியிருக்கு. குழந்தையை இதுலயா குளிப்பாட்டறது?"

பக்கத்து வீட்டு மலையாண்டி லாரி முதலாளி. விளாங்குடியிலேயே முதல் நீச்சல் குளம் அவர் தோட்டத்தில்தான். அதற்காக அவர் போர் போட்ட நாளிலிருந்து ஜானு கிணற்றுக் கயிற்றுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். மழையும் ஏமாற்றிவிட்ட வருஷம். மதிலுக்கு இந்தப் பக்கம் வாளி சேற்றில் உரசும். அந்தப் பக்கம் அவர் பேரன்கள் தொபுக்கென்று குதிப்பார்கள். நேற்று ராத்திரிகூட வெகுநேரம் அங்கே மோட்டார் ஓடியது. இன்னும் ரொப்புகிறார்கள் போல.

பார்த்துப் பேசு, அவர் லாரி நம் வீட்டைவிட உயரம் என்று சாம்பசிவம் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. இடுப்பில் குழந்தை, கையில் சொம்புத் தண்ணீர், கிளம்பிவிட்டாள். கான்வென்ட் படிப்பு, கோபம் வந்தால் இங்கிலீஷ்தான் வரும். மலையாண்டியின் மனைவி ஒச்சாயியிடம் அது செல்லாது. வழியெல்லாம் தமிழில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள்.

"மோந்து பாருங்கோ. உங்க குளத்து மருந்து எங்க கிணத்துல. கைக்குழந்தை இருக்கற வீடு."

ஒச்சாயி முகர்ந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"மருந்து வாடை போகட்டும், பெறகு விடலாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அந்த மனுசன் கேட்டாத்தானே. வா தாயி இங்கிட்டு."

கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு இழுத்துப் போனாள்.

குளத்தில் பொட்டுத் தண்ணீர் இல்லை. நீலம் பூசிய தரையில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் கிடந்த ரப்பர் குழாய் மதிலேறி, அரளிச் செடிக்குள் புகுந்து, ஜானுவின் கிணற்றுப் பக்கம் இறங்கியிருந்தது.

ஒத்திகை பார்த்த மிச்சத் தமிழை விழுங்கிக்கொண்டு, ஜானு சொம்பை முந்தானைக்குள் மறைத்தாள்.

"நேத்து உன் வாளி பாறையில முட்டுன சத்தம் எங்க அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. நம்ம போர்தான் அந்தப் புள்ள கிணத்த உறிஞ்சிருச்சுன்னு அவுகளுக்குச் சோறு எறங்கல. அம்புட்டுத் தண்ணியையும் உன் கிணத்துல விட்டுட்டுத்தான் படுத்தாக" என்ற ஒச்சாயி, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். "இவனுக்கு எங்க குழாய்ல பிடிச்சுக்க. எங்க பேரனுகதான் விடிஞ்சதுல இருந்து எங்ககூடப் பேச மாட்டேங்குறானுக."