தொண்ணூற்று நாலின் வாக்குத்தத்தம்

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போக வாசலில் கார் வந்து நின்றது. மறுநாள் வயிற்றுக் கட்டிக்கு ஆபரேஷன். ஞானப்பூ அம்மாள் கட்டிலை விட்டு எழவில்லை.

"எனக்கு ஆபரேஷன் வேண்டாம்லே. தொண்ணூத்தி நாலு புதுவருசத்தன்னைக்கு, இந்த வருசத்துக்குக் கர்த்தர் தர்ற வாக்குன்னு எடுத்த வாக்குத்தத்த அட்டையில, சாவாமப் பிழைச்சிருப்பேன்னு பைபிள் வசனம் வந்திச்சுல்லா?"

"ஆபரேஷன் பண்ணிப் பிழைப்பேன்னுதாம்மா அதுக்கு அர்த்தம்," என்றான் மகன் தேவாசீர்.

"அங்கன ஆபரேஷன்னு போட்டிருக்கா? கண்ணை மூடிக்கிட்டுத்தான பெட்டிக்குள்ள கையை விட்டேன். அத்தனை அட்டையில அது ஏன் என் கைக்கு வரணும்?"

"இந்த மாசம் விட்டா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லுதாரும்மா."

"டாக்டர் பெருசா, கர்த்தர் பெருசா?"

தேவாசீர் உள்ளறைக்குப் போனான். அட்டைப் பெட்டியை எடுத்து வந்து அவள் மடியில் கவிழ்த்தான். முப்பது அட்டைகள். முப்பதிலும் அதே வசனம்.

"நான்தாம்மா அச்சாபீஸ்ல அடிச்சு வச்சேன். பயந்துக்கிட்டே கெடந்தியே, இதைப் பார்த்தாவது தைரியமா ஆஸ்பத்திரிக்கு வருவேன்னு..."

அம்மாள் ஒவ்வோர் அட்டையாகப் புரட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"வச்சது நீ. உன்னைய வைக்கச் சொன்னது யாருலே? முப்பது தடவை சொல்லியிருக்காரு. காரை அனுப்பிரு."