பூமாலையின் எச்சில்

"பூமாலையோட எச்சில் சாம்பிள் கெட்டுப்போச்சு அன்புச்செல்வி. உங்க மரபணு அதுல கலந்திருக்கு" என்றார் ஆய்வுத் தலைவர் குமரேசன். கலப்படத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே ஊழியர்களின் மரபணுவும் ஆய்வகத்தில் பதிவாகியிருந்தது.

"மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பேசினேன் சார். என் எச்சில் தெறிச்சிருக்கும்."

"வேற எப்படி வரும்? உங்களுக்கும் அந்த இருளர் குடியிருப்புக்கும் என்ன சம்பந்தம்? பாவம், நம்மள நம்பிக் குடுத்தவங்க. இனிமே கவனமா இருங்க."

அவள் குனிந்தபடியே தலையாட்டினாள்.

மறுநாள் இருவரும் திண்டிவனம் தாண்டி, பிரம்மதேசம் பக்கத்திலிருந்த அந்தக் குடியிருப்புக்குப் போனார்கள். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த பூமாலை எழுந்து கும்பிட்டாள்.

"தப்பு எங்க மேலதாம்மா, மன்னிச்சுக்குங்க. எங்க மேடத்தோட எச்சில் உங்க குழாய்ல கலந்துடுச்சு. இன்னொரு வாட்டி தரணும்" என்றார் குமரேசன்.

பூமாலை அன்புச்செல்வியையே பார்த்தாள்.

"இஷ்டமில்லன்னா எப்ப வேணா வெலகிக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க மேடம்? நான் வெலகிக்கிறேன்."

"அது உங்க உரிமைம்மா. நாங்க வற்புறுத்த மாட்டோம்" என்ற குமரேசன் வண்டியை நோக்கி நடந்தார். சுற்றி நின்றவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

அன்புச்செல்வி அங்கேயே நின்றாள். பூமாலை ஒரு பிடி மல்லாட்டையை அவள் கையில் திணித்தாள்.

"எத்தினி தபா துப்புனாலும் நான் பெத்த பொண்ணு நீ அதுல இருக்கத்தானே செய்வ? கண்ணைத் தொடைச்சிக்கினு கெளம்பு, சாரு பாத்துடப் போறாரு."

குமரேசன் திரும்பிப் பார்த்தார்.

"போய்ட்டு வாங்க மேடம்" என்று உரக்கச் சொன்னாள் அம்மா.